மணமகளின் மிதியடி

மணப்பெண்ணைத் தலைமுதல் கால்வரை அணிசெய்கின்றோம் என்று நம்மவர் பெருமை கூறுவர். உச்சியிலே நெற்றிச்சுட்டி, காதிலே தோடு, கையிலே வளை, இடையிலே ஒட்டியாணம், காலிலே கொலுசு, விரலிலே மெட்டி என்று வரிசையாய் எண்ணிக்கொண்டே வருவர். நலங்கு வைக்கும் நாளில் காலுக்கு மஞ்சளும் பூசுவர். ஆனால் எண்ணிக்கை காலோடு நின்றுவிடும்; காலுக்குக் கீழே இறங்குவதில்லை. பட்டுப் புடைவைக்காகப் பத்துக் கடை ஏறி இறங்கும் தாய்மார், பெண்ணின் மிதியடியை மணநாளுக்கு முன்னாள் மாலை, கடையடைக்கும் நேரத்தில் வாங்குகின்றனர். வாங்கியது காலைக் கடித்தால், "ஒருநாளைக்குத்தானே, பொறுத்துக்கொள்" என்கின்றனர். மணவாழ்விலே பெண்ணுக்கு வழங்கப்படும் பொறுமை உபதேசங்களில் முதலாவது இதுவே போலும்!

இதற்குக் காரணம் யாது? செருப்பு இழிந்த பொருள் என்னும் எண்ணமே. அது வாயிலில் விடப்படுவது. வசைமொழியிலே வந்து புகுவது. ஒருவனை அவமதிக்க வேண்டின் கையிலெடுப்பது. காடு சென்ற தமையனின் மிதியடியை அரியணையில் ஏற்றி நாடாண்ட பரதன் கதையைக் கேட்டு நாம் கண்ணீர் வடிக்கின்றோம். கதை முடிந்து வெளியே வந்ததும் நம் செருப்பைக் காலாலே தள்ளித் தேடுகின்றோம். கதையிலே உயர்ந்து நின்ற பொருள் வாயிலிலே தாழ்ந்துவிடுகிறது. ஆயினும் அணிகளுள் உழைக்கும் அணி ஒன்று உண்டெனில் அது மிதியடியேயாம். மற்றவை நம்மேல் ஏறி அமர்ந்திருக்க, நம்மைத் தாங்கி நிற்பது அது ஒன்றே.

நிற்க. சென்ற ஆண்டு நம் தங்கையின் மகளுக்குத் திருமணம் நிகழ்ந்தது. அவள் மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரிபவள். திருமணத்திற்கு நான்காண்டுகட்கு முன்னே மோட்டார் சைக்கிள் விபத்தொன்றில் அவளது வலக் கணுக்கால் முறிந்தது. எலும்பு கூடிற்று; நடையும் சீராயிற்று. எனினும் குதியுயர்ந்த சப்பாத்தை மாட்டினால் கால்மணி நேரத்திலே கணுக்கால் வீங்கத் தொடங்கும். காலையில் கோயிலிலே தாலிகட்டு. அங்கே காலணிக்கு வேலையில்லை. மாலையிலே மண்டபத்தில் விருந்து. வருவோரை வரவேற்கவும், படமெடுக்கவும், வாழ்த்துப் பெறவும் மேடைமீது மூன்றுமணி நேரம் நிற்றல் வேண்டும்.

ஒப்பனை செய்யும் அம்மையார் ஒருவர் வந்தார். மணமக்களைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். மாப்பிள்ளை ஒருசாண் உயரம் மிகுதி. "நான்கு அங்குலக் குதி இல்லாவிடில் படத்திலே பெண் எடுபடமாட்டாள்" என்று தீர்ப்பளித்தார். அதற்குரிய சப்பாத்தின் விலை 400 வெள்ளி. தங்கை விலைக்குத் தயங்கினாரேனும் தீர்ப்புக்கு உடன்பட்டார். சுற்றத்தாருள் ஒருவர் அவர் காதோடு காதாகக் கூறிய சொல்லே அதற்குக் காரணம்: "தட்டைச் செருப்போடு நிறுத்தினால், பெண்ணுக்குக் காலிலே ஏதோ குறை என்று மாப்பிள்ளை வீட்டார் பேசமாட்டார்களா?"

வாசகர் இதனைக் கவனிக்க வேண்டும். ஈண்டு வழக்கு சப்பாத்தைப் பற்றியதன்று. முறிந்து கூடிய ஒரு கணுக்காலை மூன்றுமணி நேரம் வருத்தி, அது முறிந்ததே இல்லையென்று நானூறு பேருக்கு நடித்துக்காட்ட வேண்டுமா என்பதே வழக்கு. மாப்பிள்ளையோ அவ்விபத்தை நன்கறிந்தவர். அறியவேண்டியவர் அறிந்திருக்க, அறிந்து ஆவதொன்றுமில்லாதவர்க்காக வலி பொறுத்தல் என்ன நியாயம்? பெண் நம்மிடம் வந்து, "மாமா, மூன்றுமணி நேரம் நிற்கப்போவது என் கால், படமா நிற்கப்போகிறது?" என்றாள். மறுநாளே தனித்துக் கடைக்குச் சென்று, 35 வெள்ளிக்கு, பாலாடை நிறத்துத் துணி போர்த்த தட்டைச் சப்பாத்து ஒருசோடி வாங்கிவந்தாள். அதனைக் கண்ட தங்கை, "ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போவதுபோல் இருக்கிறதே" என்று கண்கலங்கினார். தாயின் கண்ணீரிலும் நியாயம் இருந்தது. பெற்றவர்க்குப் பெண்ணை அழகாய்க் காணும் ஆசை இராதா? ஆகவே, அச்சப்பாத்தையே அழகுசெய்வது என்று முடிவாயிற்று.

எப்படி அழகுசெய்வது? அதற்கு நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. மணமகளின் மிதியடியை ஒரு கலையாகவே வளர்த்த மக்கள் நம் பக்கத்திலேயே வாழ்கின்றனர். மலாக்காவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வேரூன்றிய பாபா நியோன்யா மரபினர் அவர். அவர்தம் மணிச்சப்பாத்தை மலாய்மொழியிலே 'காசுட் மானேக்' என்பர். பெரும்பாலும் தட்டையாகவோ, சிறிதே உயர்ந்த குதியோடோ இருக்கும். மேற்பகுதி முழுவதும் கடுகினும் சிறிய கண்ணாடி மணிகள். பூ, பறவை, வண்ணத்துப்பூச்சி, மீன் என்று உருவங்கள் அம்மணிகளால் எழும். ஐரோப்பாவிலிருந்து வந்த சித்திரத்தையல் ஏடுகளைப் பார்த்து ரோசாமலரையும் இழைத்தனர். பட்டை தீட்டிய மணிக்கு 'மானேக் போத்தோங்' என்று பெயர். விளக்கொளி பட்டால் அது தனியே மின்னும். மணிக்கு முன்னரே வெல்வெட்டின்மீது பொன்னிழையால் பூவேலை செய்த மிதியடிகளும் மணவிழாக்களில் விளங்கின.

அதனைச் செய்யும் முறையும் அறியத்தக்கது. 'பிடாங்கான்' என்னும் மரச்சட்டத்திலே துணியை விறைப்பாக இழுத்துக் கட்டுவர். மெல்லிய ஊசியால் ஒவ்வொரு மணியாகக் கோத்துத் தைப்பர். இடக்காலுக்கும் வலக்காலுக்குமுரிய முகப்புத் துண்டுகள் முடிந்தபின் அவற்றைச் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து அடித்தோலோடு பொருத்துவர். ஒருசோடி முடியத் திங்கள் பல ஆகும். மணப்பெண் தனக்கு மட்டுமன்றி மணமகனுக்கும் தைப்பது வழக்கம். இழவுகாலத்திற்கென நீலம், வெள்ளை, கறுப்பு மணியிட்டவையும் வேறாக இருந்தன. ஆக, சப்பாத்தைப் பார்த்தே அவ்வீட்டின் இன்பதுன்பத்தை அறியலாம்.

நம்மவர்க்கும் இதற்கும் தொடர்பு இல்லாமலில்லை. மலாக்காச் சுல்தான்களின் காலத்தே வாணிகம் செய்யவந்து, இந்நாட்டுப் பெண்களை மணந்து நிலைத்த தமிழ்வணிகரின் வழியினர் மலாக்காச் செட்டிகள். 1781ஆம் ஆண்டில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் அவர்தம் ஆலயமே. பேச்சு மலாய், வழிபாடு சைவம், மகளிர் உடை கெபாயாவும் சாரோங்கும், காலிலே மணிச்சப்பாத்து. சப்பாத்து என்னும் சொல்லும் அம்மலாக்காவை நினைவூட்டுகிறது. 1511இல் அதனைக் கைப்பற்றிய போர்த்துகீசியரின் மொழியிலிருந்தே அச்சொல் தமிழுக்கும் வந்தது, 'செபாத்து' என மலாய்க்கும் போயிற்று. ஒரு கடல்வழியில் சொல்லும் செருப்பும் சேர்ந்தே பயணம் செய்திருக்கின்றன.

1942 முதல் 1945 வரை நிகழ்ந்த ஜப்பானியர் ஆட்சியும் போரும் இக்கலைக்குப் பேரிடியாயின. வீடுகள் வறுமையுற்றன, கடல்கடந்து வரவேண்டிய மணியும் வரவில்லை. போருக்குப்பின் பெண்கள் பள்ளிக்கும் பணிமனைக்கும் சென்றனர். சட்டத்தின்முன் அமர நேரமில்லை. எனினும் கலை மாண்டுவிடவில்லை. சிங்கப்பூரின் காத்தோங், ஜூ சியாட் வட்டாரத்திலும், மலாக்காவிலும், பினாங்கிலும் இன்றும் அதனைச் செய்வோரும் கற்பிப்போரும் உளர். சிங்கப்பூர் ஆர்மீனியன் தெருவில் 2008இல் திறக்கப்பெற்று, புதுப்பித்தலுக்குப்பின் 2023இல் மீண்டும் திறந்த பெரானாக்கான் அரும்பொருளகத்திலே பழைய மணிவேலைகளைக் கண்ணாரக் காணலாம். அச்சப்பாத்தோடு இணைந்த கெபாயா உடையை 2024இல் ஐந்து நாடுகளின் பொதுமரபாக யுனெஸ்கோ ஏற்றது.

இவ்வளவும் கூறி, 'ஆகா, எத்துணை அழகு!' என்று முடித்துவிடல் எளிது. நாம் அவ்வாறு முடித்துவிட விரும்பவில்லை. அம்மணிகளுக்குப் பின்னே ஒரு சிறைக்கூடமும் இருந்தது. பழங்காலத்து வசதியான வீடுகளில் பருவமெய்திய நியோன்யாப் பெண் வீதிக்கு வருதல் அரிது. வீட்டுக்குள்ளே அமர்ந்து அவள் கற்றவை சமையலும் தையலுமே. பெண்பார்க்க வருவோர் அவளது மணிவேலையை வாங்கிப் பார்ப்பர். மணிகள் நேராக நின்றால் பெண் பொறுமையுடையவள். கோணினால் குணமும் கோணல்! இஃது அவர்க்கு மட்டும் உரிய குற்றமன்று. ஆடத்தெரியுமா, பாடத்தெரியுமா என்று கேட்டு, நடக்கச் சொல்லியும் பார்த்த நம் வீடுகளும் இவ்வகையிலே குறைந்தவை அல்ல. கண்ணொளி மங்க மங்க, எண்ணெய் விளக்கின் முன்னே, தான் பாராத ஒருவனுக்காகப் பெண் தைத்த சப்பாத்தை நாம் கண்ணாடிப் பேழையிலே கண்டு மகிழ்கின்றோம். மகிழ்தல் தவறன்று. தைத்த கைக்கு விருப்பம் இருந்ததா என்று கேளாமல் மகிழ்தலே தவறு.

ஆதலின், அக்கலையை நாம் எடுத்துக்கொள்ளும்போது அச்சிறையை விட்டுவிட்டு எடுத்தல் வேண்டும். நம் வீட்டிலே அதற்கு ஒரு வழி தானாகவே அமைந்தது. மணப்பெண்ணுக்கோ மருத்துவமனையிலே முறைமாறி வேலை; இரவுப் பணி முடித்து வருபவளிடம் ஊசியைக் கொடுத்தல் கொடுமை. அவளுடைய தம்பி, "அக்கா உட்காரட்டும், நாங்கள் தைக்கின்றோம்" என்றான். ஊசி பிடித்தறியாத பொறியியல் மாணவன் அவன். மாப்பிள்ளையின் நண்பர் இருவரும் சனிக்கிழமைதோறும் வந்து சேர்ந்தனர். பெண்ணின் பொறுமையை அளக்கும் கருவியாயிருந்த மணிவேலை, ஆடவரின் பொறுமையை அளக்கத் தொடங்கிற்று. அளவு சிலரிடம் குறைவாகவே இருந்தது!

இவ்வேலையிலே நாம் கண்டறிந்தவற்றைக் கூறுதல் பிறர்க்குப் பயன்படும். முதலாவது, சப்பாத்தை அணிசெய்யுமுன் அணிந்து நடந்துபார்த்தல் வேண்டும். கடிக்கும் சப்பாத்துக்கு எத்தனை மணி தைத்தாலும் கடிக்கவே செய்யும். பெண் ஒருவாரம் வீட்டினுள்ளே அதனை அணிந்து நடந்தாள். விரல்களின் பின்னே மடியும் இடம் எது என்பது அப்போது கோடாகத் தெரிந்தது. அக்கோட்டின்மேல் மணி தைத்தல் கூடாது. அடிதோறும் நூல் இழுபட்டு அறும். ஆகவே விரல்முகப்பை மட்டும் அணிசெய்து, மற்றையிடத்தை வெறுமையாக விடுவதென்று தீர்மானித்தோம். வெறுமையும் அழகுக்குத் துணைசெய்யும் என்பதை அதன்பின் உணர்ந்தோம்.

இரண்டாவது, பசையைப் பெரிதாக நம்பலாகாது. பசையால் ஒட்டிய மணி, இந்நாட்டு வெப்பத்திலும் வேர்வையிலும் ஒன்றொன்றாய் உதிரத் தொடங்கும்; மண்டபத்தின் வழுவழுத்த தரையில் உதிர்ந்த மணி விருந்தினரை வழுக்கியும் விடும். தையலே நன்று. மணியின் துளை மிகச் சிறிது, வீட்டூசி நுழையாது, மணி கோப்பதற்கென்றே விற்கும் மெல்லூசி வேண்டும். மணியின் அளவைக் குறிக்கும் எண் பெருகப் பெருக மணி சிறுத்துக்கொண்டே போகும் என்பது கடைக்குச் செல்வோர் அறியவேண்டிய செய்தி. எண் 11 மணி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். பழகாத கைக்கு அதுவே ஏற்றது. நூலுக்குத் தேன்மெழுகு பூசினால் சிக்காது. மூன்று மணி கோத்து, ஒருமணி பின்னே சென்று மீண்டும் முன்னே வரும் பின்தையலால் தைத்தால், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் வரிசை முழுதும் கொட்டாது.

மூன்றாவது, சப்பாத்தின்மேல் நேரே தைத்தால் முடிச்சுகள் உள்ளே சென்று காலை உறுத்தும். நியோன்யாப் பெண்களின் முறையே சிறந்தது: தனித் துணியில் தைத்து, பின்னர்ச் சப்பாத்தின்மேல் பொருத்துதல். மரச்சட்டம் நம்மிடம் இல்லை. பூத்தையல் வளையமே சட்டமாயிற்று. இரு துண்டுகளையும் ஒரே வேளையில், வரிசைக்கு வரிசை ஒப்பிட்டுத் தைத்தல் வேண்டும். ஒன்றை முடித்து மற்றதைத் தொடங்கினால், முந்தையது பயிற்சியாகவும் பிந்தையது தேர்ச்சியாகவும் அமைந்து சோடி வேறுபடும். உருவங்கள் கண்ணாடியில் நோக்கினாற்போல் எதிரெதிராக இருத்தல் முறை. நாம் வரைந்தது மல்லிகைக் கொடியும், கொடியின் நுனியிலே ஒரு சிறு கிளியும். இரு கிளிகளும் ஒன்றையொன்று நோக்கின.

இனி, நம் அன்னையாரைப் பற்றிக் கூறவேண்டும். எண்பதைக் கடந்தவர். செருப்புக்கு இத்தனை ஆரவாரமா என்று முதலிலே முகஞ்சுளித்தார். இரண்டு சனிக்கிழமை தள்ளியமர்ந்து பார்த்திருந்தார். மூன்றாம் சனிக்கிழமை மணித்தட்டைத் தம் மடிக்கு இழுத்துக்கொண்டு, வெண்மணியிலே கலந்துவிட்ட கோணல் மணிகளை விரலாலே தடவிப் பொறுக்கலானார். கண்ணுக்குப் புலனாகாத கோணல் அவர் விரலுக்குப் புலனாயிற்று. பொறுக்கிக்கொண்டே பேசலானார்.

அவர் பேராக்கில் ஒரு தோட்டத்திலே பிறந்து, பன்னிரண்டாம் வயதில் பால்மரம் வெட்டப் போனவர். விடியுமுன் பிரட்டுக்களம், பின்பு பனிநனைந்த காடு, வெறுங்கால், அட்டை. உலகத்தார் காலுக்கெல்லாம் அடியாகப் போன ரப்பர், செருப்பில்லாத கால்கள் நடந்து சேர்த்த பாலிலிருந்தே வந்தது. அவருடைய தாயாரோ தமிழ்நாட்டில் ஒரு சிற்றூரிலே பிறந்தவர். அந்நாளில் தமிழ்நாட்டுச் சிற்றூர் பலவற்றில், தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் மேற்குலத்தார் தெருவிலே செருப்பணிந்து நடத்தல் கூடாது. கழற்றிக் கையிலே எடுத்துச் செல்லல் வேண்டும். அவர்களது ஊரும் அத்தகையதே. கப்பலேறி இங்கு வந்தபின்னும் பணிவைக் காலாலே காட்டும் வழக்கம் ஒழியவில்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலியுயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று, துரைமாரைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்னும் கட்டாயம் ஒழியவேண்டும் என்பது. வயிற்றுக்குக் கேட்டபோதே நிமிர்ந்து செல்லும் உரிமையையும் உடன்கேட்டனர்.

அன்னையார் இவ்வரலாற்றையெல்லாம் ஏட்டிலே படித்தவர் அல்லர். அவர் கூறியது ஒன்றே: "எங்கள் அம்மா செருப்பைக் கக்கத்திலே இடுக்கிக்கொண்டு நடந்தாள். என் பேத்தி மணிவைத்துப் போட்டுக்கொண்டு நடக்கட்டும்." அதன்பின் அவ்வீட்டிலே ஒருவரும் தட்டைச் செருப்பைப் பற்றிக் குறைகூறவில்லை. தங்கையே கடைசி இரு வாரமும் இரவிலே அமர்ந்து கொடியின் இலைகளைத் தைத்து முடித்தார்.

விருந்து மாலையிலே நிகழ்ந்ததையும் உள்ளவாறே கூறிவிடுவோம். படத்தில் மாப்பிள்ளை உயர்ந்தும் பெண் தாழ்ந்துமே காணப்படுகின்றனர். இருவர்க்கும் அமைந்த உயரம் அதுவே. பெண் மூன்றுமணி நேரம் நின்றாள். நடுவே மேடையைவிட்டிறங்கி, நடக்கமாட்டாத முதியோர் அமர்ந்திருந்த மேசைதோறும் சென்று வணங்கியும் வந்தாள். நான்கங்குலக் குதியில் அது கூடியிராது. கால் என்னவாயிற்று என்று ஓர் அம்மையார் வினவினார். "முறிந்தது, கூடிவிட்டது" என்று அவள் சிரித்தபடி விடையிறுத்தாள். வினவிய அம்மையாரின் கண் அதற்குள் கிளிகளின்மேல் சென்றுவிட்டது. இடக்கால் கிளியின் வாலிலே ஆறேழு மணி கோணியிருந்தன. அவை பொறியியல் மாணவனின் கைவண்ணம். பிரித்துத் தைக்கலாம் என்றபோது பெண்தான் தடுத்துவிட்டாள்.

திருமணம் செய்ய முற்பட்டிருக்கும் இல்லத்தார்க்கு நாம் கூற விரும்புவது இதுவே. மிதியடியைக் கடைசியில் வாங்காதீர், முதலில் வாங்குமின். அதனைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அணியப்போகின்றவளிடமே விடுமின். விலையுயர்ந்தது வேண்டுமென்பதில்லை, காலுக்கு இசைந்த எளியது ஒன்றை வாங்கி, சுற்றத்தார் கூடியிருந்து அணிசெய்யுங்கள். ஊசியை ஆடவர் கையிலும் கொடுங்கள். முதியோரை அருகிலே இருத்துங்கள். மணி பொறுக்கும்போது அவர்கள் பேசுவதை எந்த ஏட்டிலும் காணமுடியாது. பெண்ணின் உடலில் நேர்ந்த புண்ணையும் முறிவையும் பழியென எண்ணி மறைக்காதீர். பொன்னும் பட்டும் அவள்மேல் ஏற்றுவதற்கு முன்னே, அவள் மண்ணின்மீது நோவின்றி நிற்கின்றாளா என்று குனிந்து பாருங்கள்.